எங்க கெம்பஸ் நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய சேர்மார், மேடம்மாருக்கு,

மகளிர் தின கூட்டத்துல ஒரு சேர் பேசினார், நம்ம இலங்கை யூனிவர்சிட்டிகளுக்கு வர்றதுல 60 வீதத்துக்கு மேல பொம்பளப்புள்ளைங்கதான், அதால இங்க சமத்துவம் வந்தாச்சுன்னு. நாங்களும் கைதட்டினோம், பொறகு ரோல்ஸ் குடுத்தாங்க, நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா சேர், நான் மலையகத்துல மஸ்கெலியா பக்கம் தேயிலத் தோட்டத்துல வளர்ந்தவ. கொழுந்து எடுக்கிறது பெரும்பாலும் எங்க அம்மாமாருதான், தராசு பிடிக்கிறதும், அன்னைக்கு அரைநாள் சம்பளமா முழுநாள் சம்பளமா, அதாவது அரைப்பேரா முழுப்பேரான்னு எழுதுறதும் ஆம்பளைங்க. நெரையில எத்தன பொம்பளைங்க நிக்கிறாங்கன்னு எண்ணிட்டு யாரும் அத சமத்துவம்னு சொன்னதில்ல. இங்கயும் அதே கததான், 1942ல நாட்டுல பல்கலைக்கழகம் தொடங்கியும் ஒரு பொம்பள உபவேந்தரா வர 1999 ஆயிருச்சு, கொழும்புல சாவித்திரி குணசேகர மேடம்.

சரி, அது பெரிய இடத்து கத. நான் எழுத வந்தது முறைப்பாட்டு ரூம்ல நடந்தத.

ஜூனியர் தங்கச்சி ஒருத்தி, அவளும் தோட்டத்துப் புள்ள. ஒரு சீனியர் பண்ணின வேலைய சொல்லப் போகணும், அவளுக்கு சிங்களம் வராது, அங்க இருந்தவங்களுக்கு தமிழ் வராது, அதால என்னைய கூட்டிட்டுப் போனா. என் சிங்களம் ஹட்டன் டவுன்ல மரக்கறி வாங்கி, பஸ்ல சண்ட போட்டு படிச்ச சிங்களம் சேர். அவ அழுதுகிட்டே சொன்னத அப்புடியே சொல்ல எனக்குத் தெரிஞ்சது கெட்ட வார்த்த மட்டுந்தான், அத மூணு ஆம்பளைங்க முன்னாடி எப்புடி சொல்றது, வெக்கத்துல 'கரதர களா'ன்னு சொல்லிட்டேன், தொந்தரவு குடுத்தான்னு. அவங்களும் அதையே எழுதிக்கிட்டாங்க. என்ன எழுதியிருக்குன்னு வாசிக்கத் தெரியாமலே அவ கையெழுத்துப் போட்டா. இன்னைக்கும் அந்த ஃபைல்ல அவளுக்கு நடந்தது வெறும் தொந்தரவுதான், அதுல பாதி என் தப்பு.

சட்டத்துக்கு ஒண்ணும் பஞ்சமில்ல. 1987லயே தமிழும் அரசகரும மொழி, 1995ல பாலியல் தொல்லை தண்டனைச் சட்டக்கோவையில குத்தமாச்சு, 1998ல பகிடிவதை, அதாவது ராகிங், தடைச் சட்டம் வந்துச்சு. இவ்வளவும் இருந்தும் அந்த ரூம்ல தமிழ் தெரிஞ்ச ஒரு மேடம் இல்ல, ஃபோர்ம் தமிழ்ல இல்ல. நீங்க செஞ்சது எங்க ஹொஸ்டல் வாசல் கேட்ட ஒரு மணித்தியாலம் முந்திப் பூட்டினது. பொடியன்கட ஹொஸ்டலுக்கு கேட் இருக்கான்னே எங்களுக்குத் தெரியாது.

ஃபோர்ம தமிழ்ல அடிச்சுக் குடுங்க, போட்டோகொப்பி காசு வேணும்னா நாங்க போடுறோம். தமிழ் பேசுற ஒரு மேடம அங்க உக்கார வைங்க. அந்த தங்கச்சி திரும்ப வந்து அவ வாயாலயே எல்லாத்தையும் சொல்ல ரெடியா இருக்கா, ஒரு நாள் மட்டும் குடுங்க. இந்த தடவ நான் வெளிய பெஞ்சுல இருக்கேன்.

இப்படிக்கு,
மூணாம் வருச மாணவி ஒருத்தி