பேச்சு வரும் என்று காத்திருந்தோம்

ஆசிரியருக்கு,

என் மகன் இரண்டு வயதாகியும் கதைக்கவில்லை, பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும் திரும்பமாட்டான். 'ஆம்பிளைப் பிள்ளையள் பிந்தித்தான் கதைப்பினம்' என்று ஊரே சொன்னதை நம்பி ஒன்றரை வருடத்தைப் போக்கிவிட்டோம், நினைத்தால் இன்றும் நெஞ்சு பதறுகிறது. நெடுந்தீவிலிருந்து படகேறி, குறிகாட்டுவானில் பஸ் பிடித்து பிள்ளையை நிபுணரிடம் காட்ட யாழ்ப்பாணம் வந்துபோக ஒரு நாள் கூலி போய்விடும். நிபுணர்கள் எல்லா இடத்துக்கும் வரமுடியாது, சரி. ஆனால் உலக சுகாதார நிறுவனத்தின் பெற்றோர் பயிற்சியை, வளர்ச்சி பிந்திய 2 முதல் 9 வயதுப் பிள்ளைகளின் பெற்றோருக்கானது, 9 குழு வகுப்பும் 3 வீட்டுச் சந்திப்பும்தான், நிபுணரல்லாதவர்களே பழகி நடத்தலாம். தீவகத்து முன்பள்ளி ஆசிரியைகளுக்கு அதைப் பழக்குங்கள். தடுப்பூசி போடும் நாளிலேயே குடும்பநல உத்தியோகத்தர் பிள்ளையின் பேச்சைப் பற்றியும் தாயிடம் ஆறுதலாக விசாரிக்கட்டும்.

ஒரு தாய்,
நெடுந்தீவு