வசந்திக்கு, எங்கள் ஸ்கேன் பற்றி

அன்புள்ள வசந்தி,

கடிதம் கிடைத்தது. அம்மாவின் கண்புரை ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி. நான் ஒருவழியாக நைட் டியூட்டியிலிருந்து தப்பித்துவிட்டேன். அதற்குப் பதிலாக ஜூனியர்களுக்கு அல்ட்ராசவுண்ட் சொல்லிக்கொடுக்கும் வேலையை என் தலையில் கட்டிவிட்டார்கள். “கேஷுவாலிட்டியில் நீங்கள் எடுப்பதெல்லாம் ஒரு ஸ்கேனா?” என்று கேட்டிருக்கிறாய். ரேடியாலஜிஸ்ட் கேட்காமல் வேறு யார் கேட்பார்கள்!

ஸ்கேன்தான், ஆனால் நீ எடுக்கிற ஸ்கேன் இல்லை. நீ வயிறு முழுவதையும் பார்த்து ரிப்போர்ட் எழுதுகிறாய். எங்களுக்கு ஒரு நேரத்தில் ஒரு கேள்விதான். அடிபட்டு வந்தவரின் வயிற்றுக்குள் ரத்தம் இருக்கிறதா? இதயத்தைச் சுற்றி நீர் கோத்திருக்கிறதா? இருக்கிறது, இல்லை, தெரியவில்லை: இந்த மூன்றில் ஒன்றுதான் பதில். பித்தப்பையில் கல் இருந்தால் அது அப்புறம், உன் பாடு.

மூன்றாவது பதிலைத்தான் ஜூனியர்கள் வாயிலிருந்து வரவழைக்க முடியவில்லை. ஈரலுக்கும் வலது கிட்னிக்கும் நடுவிலுள்ள மாரிசன் இடுக்கைக் காட்டச் சொன்னால் உடனே காட்டிவிடுவார்கள். ரத்தத்தைக் காட்டும் கறுப்புக் கோடு இல்லையா? “நெகடிவ் மேடம்” என்று சொல்லி, உடம்பில் வைத்துப் படமெடுக்கும் புரோபைத் தூக்கிவிடுவார்கள். ஈரலின் கீழ்நுனி வரைக்கும் இறங்கிப் பார், ரத்தம் பெரும்பாலும் முதலில் அங்கேதான் தெரியும் என்று ஒவ்வொருவருக்கும் சொல்லவேண்டியிருக்கிறது. சில நூறு மில்லியாவது சேர்ந்தால்தான் நம் கண்ணுக்குப் படும். வயிற்றின் உள்சவ்வான பெரிட்டோனியத்துக்குப் பின்னால் கசிந்தால் அதுவும் படாது. அதனால் ‘இப்போதைக்குத் தெரியவில்லை’ என்று எழுது, பி.பி. இறங்கினால் மறுபடி வை என்பேன்.

இன்னொன்று கை. திரையைப் பார்க்க ஆரம்பித்ததுமே கை தன்பாட்டுக்கு நழுவிப் போய்விடுகிறது. சுண்டுவிரலை நோயாளியின் தோலில் ஊன்றச் சொல்கிறேன். அந்த ஒரு விரல் ஊன்றினால் பாதிப் படம் சரியாகிவிடுகிறது.

நெஞ்சு ஸ்கேன்தான் எனக்குப் பிடித்தது. காற்று இருக்கும் இடத்தில் அல்ட்ராசவுண்ட் உதவாது என்றுதானே நாம் படித்தோம்? பிரான்ஸின் டேனியல் லிக்டென்ஸ்டைன் அந்தக் காற்று உண்டாக்கும் பொய்த் தோற்றங்களையே அடையாளமாக வைத்து, மூச்சுத்திணறலுக்கென்று 2008-இல் ஒரு முறையை வெளியிட்டார். ப்ளூ புரோட்டோகால் என்பார்கள். இரண்டு விலா எலும்புகளுக்கு நடுவே பளிச்சென்று ஒரு கோடு, அதாவது நுரையீரலின் உறை, மூச்சோடு சேர்ந்து வழுக்கும். வழுக்கினால் அந்த இடத்தில் நியூமோதொராக்ஸ், அதாவது நுரையீரலுக்கு வெளியே சேர்ந்த காற்று, இல்லை. வழுக்கவில்லை என்றால் காற்றை வெளியேற்ற உடனே ஊசியைத் தூக்கக் கூடாது. மூச்சுக்குழாய்க்குள் போட்ட டியூப் வலது பக்கம் ஆழமாக இறங்கியிருந்தாலும் இடது பக்கம் வழுக்காது. “முதலில் டியூபைப் பார்” என்று சொல்லிச் சொல்லி எனக்குத் தொண்டை வற்றிவிட்டது.

நீ நிச்சயம் திட்டப்போகிற விஷயத்தையும் நானே சொல்லிவிடுகிறேன். இதயம் நின்றுபோனவருக்கு நெஞ்சை அழுத்தும்போது, நாடி பார்க்க நிறுத்தும் நேரம் 10 விநாடியைத் தாண்டக் கூடாது. 2017-இல் வந்த ஓர் ஆய்வில், அந்த இடைவெளியில் ஸ்கேன் வைத்தபோது சராசரியாக 21 விநாடி ஆனது, வைக்காதபோது 13. படத்தில் மயங்கி நின்றுவிடுகிறார்கள், அவ்வளவுதான். இப்போது எங்களிடம் ஒரு கட்டாயம்: அழுத்திக்கொண்டிருக்கும்போதே புரோபை நெஞ்சுக்குழிக்குக் கீழே வைத்துத் தயாராக இரு. நிறுத்தியதும் வீடியோவைப் பதிவு செய். பக்கத்தில் ஒருவர் சத்தமாக எண்ண வேண்டும். பத்து வந்ததும் படம் கிடைத்ததோ இல்லையோ, அழுத்தும் கை நெஞ்சுக்கு வந்துவிட வேண்டும். பதிவானதை அழுத்தம் தொடங்கிய பிறகு பார்த்துக்கொள்ளலாம். முதலில் முணுமுணுத்தார்கள். இப்போது எண்ணுகிற நர்ஸைப் பார்த்தால் எல்லோருக்கும் பயம்.

2018-இல் வந்த சோதனையையும் நீ நீட்டுவாய். பி.பி. விழுந்து வந்தவர்களில் ஸ்கேன் எடுத்ததால் பிழைத்தவர் எண்ணிக்கை கூடவில்லை என்றது அது. எனக்கு அதில் ஆச்சரியம் இல்லை. ஸ்கேன் வைத்தியம் ஆகாதே. இதயத்தைச் சுற்றிய நீரை ஐந்து நிமிடம் முன்னால் கண்டுபிடித்தும் வடிக்க ஆள் இல்லையென்றால் என்ன பயன், சொல்லேன்? ஆனால் அந்த ஐந்து நிமிடத்தை விட்டுவிடவும் எனக்கு மனம் வரவில்லை.

ஒவ்வொரு வகை ஸ்கேனுக்கும் 25 முதல் 50 வரை எடுத்துப் பழக வேண்டும் என்கிறது அமெரிக்க அவசர மருத்துவர்களின் வழிகாட்டி. நம் பிள்ளைகள் ஒல்லியான நண்பனைப் படுக்க வைத்துக் கணக்கை முடித்துவிடுகிறார்கள்! எல்லாம் நார்மல், எல்லாம் அழகு. அதில் என்ன பழகும்?

அங்கேதான் நீ வேண்டும். இதயத்துக்கு முன்னால் நீர் போலவே ஏமாற்றும் கொழுப்பு, மண்ணீரலுக்குப் பக்கத்தில் ரத்தம் மாதிரி தெரியும் நிறைந்த இரைப்பை, இப்படிப்பட்ட படங்கள் உன்னிடம் பெட்டி பெட்டியாக இருக்கும். பெயர், எண் எல்லாம் நீக்கிவிட்டு அனுப்பு. அதைவிட, நீயே வந்து ஒரு வகுப்பு எடுத்தால் இன்னும் நல்லது. திட்டுவதையும் நேரிலேயே திட்டிவிடலாம். வியாழன் மதியம் என்றால் ஜூனியர்கள் எல்லோரும் இருப்பார்கள். எந்த வியாழன் என்று மட்டும் எழுது.

அம்மாவை விசாரித்ததாகச் சொல். சொட்டு மருந்தை நேரத்துக்குப் போடுகிறாரா?

அன்புடன்,
மீனா