பழியை நாட்டின் மேல் போடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பல நாடுகளில் கிளை உள்ள நிறுவனங்களின் மென்பொருள் திட்டங்கள் ஏன் இழுத்துக்கொண்டே போகின்றன என்று உங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். அதில் பேசிய மேலாளர்கள் எல்லோரும் ஒரே காரணத்தைத்தான் மாற்றி மாற்றிச் சொல்லியிருந்தார்கள். ஒரு நாட்டுக்காரர்கள் முடியாது என்று சொல்லவே மாட்டார்களாம். இன்னொரு நாட்டுக்காரர்கள் மேலிடம் சொல்லாமல் அசைய மாட்டார்களாம். இப்படிப்பட்ட திட்டங்களில் ஒருங்கிணைப்பாளராக வேலை பார்க்கிறவள் நான். இந்தப் பேச்சு தினமும் காதில் விழுகிறது. கேட்டுக் கேட்டு இளைஞர்கள்கூட நம்பத் தொடங்கிவிட்டார்கள். அதுதான் எனக்கு வருத்தம்.

எங்கள் திட்டம் ஒன்றில் நடந்ததைச் சொல்கிறேன். வேறு நாட்டுக் கிளையிலிருந்து வந்த ஒரு கோப்பில் 03/04 என்று தேதி இருந்தது. மார்ச் 4-ஆ, ஏப்ரல் 3-ஆ? பக்கத்து மேஜையில் இருப்பவரிடம் கேட்டால் அரை நிமிட வேலை. ஆனால் பதில் தெரிந்தவர் பத்து மணி நேரம் பின்தங்கிய ஊரில் இருந்தார். எங்கள் டெவலப்பர் கேள்வியை டிக்கெட்டில் (ஒரு வேலை யாரிடம் இருக்கிறது என்று காட்டும் கணினிப் பதிவு) போட்டுவிட்டு வீட்டுக்குக் கிளம்பினார். அங்கே அலுவலகம் திறந்ததும் பதில் வந்தது: "எந்தக் கோப்பு?" மறுநாள் கோப்பின் பெயர் போனது. அதைப் பார்த்தவர், இதைக் கணக்குப் பிரிவுதான் சொல்ல வேண்டும் என்று டிக்கெட்டை அந்தப் பக்கம் தள்ளிவிட்டார். அப்புறம் வார விடுமுறை. பதில் வருவதற்குள் எங்கள் வாராந்திரக் கூட்டம் வந்துவிட்டது. 'எதிர்த்தரப்பில் பொறுப்பெடுத்துக்கொள்ளும் பண்பாடு இல்லை' என்று அறிக்கையில் ஏறியது. இதில் யாருடைய பண்பாடு எங்கே வந்தது? ஒவ்வொருவரும் அவரவர் வேலை நேரத்தில் ஒழுங்காகப் பதில் சொல்லித்தான் இருக்கிறார்கள்.

இதைப் பற்றி நல்ல ஆய்வுகள் வந்து இருபது ஆண்டுகளுக்கு மேலாகிறது. ஜேம்ஸ் ஹெர்ப்ஸ்லெப், ஆட்ரிஸ் மோக்கஸ் இருவரும் 2003-இல் வெளியிட்ட ஆய்வு, ஒரே இடத்தில் முடியும் மென்பொருள் மாற்றத்தைவிட, பல இடங்களுக்குப் பிரிந்து கிடக்கும் அதே மாதிரியான மாற்றத்துக்கு ஏறத்தாழ இரண்டரை மடங்கு காலம் பிடிப்பதைக் காட்டியது. இடம் பிரியும்போது வேலையில் கை வைக்கும் ஆட்களின் எண்ணிக்கையும் கூடுகிறது, ஆள் கூடக் கூடத் தாமதமும் கூடுகிறது என்பது அதில் தெரிந்த முக்கியமான காரணம். எங்கள் தேதிக் கேள்விக்கு நடந்ததும் இதேதான். இதே குழுவினர் 2000-இல் எழுதிய கட்டுரையில் இன்னொரு விஷயம் இருக்கிறது. வேலை நெருக்கும் நேரத்தில் தொலைவில் உள்ளவர்கள் தங்களுக்கு அவ்வளவாகக் கைகொடுப்பதில்லை என்று ஊழியர்கள் நினைத்தார்கள். ஆனால் தாங்கள் மட்டும் பக்கத்தில் இருப்பவருக்கும் தொலைவில் இருப்பவருக்கும் ஒரே மாதிரி உதவுவதாக நம்பினார்கள். இரண்டு பக்கமும் இதே நம்பிக்கை! இந்த ஒரு கண்டுபிடிப்பை ஒவ்வொரு திட்ட மேலாளரும் படித்திருக்க வேண்டும்.

தூரம் என்றால் கடல் தாண்டித்தான் இருக்க வேண்டும் என்பதும் இல்லை. பொறியாளர்களின் மேஜைகள் சில பத்து மீட்டர் விலகினாலே அவர்கள் பேசிக்கொள்வது மளமளவென்று குறைந்துவிடுகிறது என்று எம்.ஐ.டி.யின் தாமஸ் ஆலன் 1970-களிலேயே காட்டிவிட்டார். அவர்களெல்லாம் ஒரே கூரையின் கீழ் இருந்தவர்கள்.

சரி, நாட்டுக்கு நாடு வேறுபாடே இல்லையா? இருக்கிறது. 1997-இல் ஸ்ட்ராப், கீல், பிரென்னர் மூவரும் அமெரிக்கா, சுவிட்சர்லாந்து, ஜப்பான் விமான நிறுவன ஊழியர்களின் மின்னஞ்சல் பயன்பாட்டை ஆராய்ந்தார்கள். பயனுள்ளது, எளியது என்று தோன்றினால் மக்கள் ஒரு தொழில்நுட்பத்தை ஏற்பார்கள் என்ற ஃபிரெட் டேவிஸின் 1989-ஆம் ஆண்டுக் கோட்பாடு முதல் இரண்டு நாடுகளில் பொருந்தியது, ஜப்பானில் பொருந்தவில்லை. இப்படி அளந்து பார்த்துச் சொல்வதை நான் மதிக்கிறேன்.

மேலாளர்கள் கையில் வைத்திருப்பதோ பெரும்பாலும், ஒவ்வொரு நாட்டுப் பண்பாட்டுக்கும் மதிப்பெண் போட்ட டச்சு ஆய்வாளர் ஹாஃப்ஸ்டெட்டின் பட்டியல். 1970-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஐ.பி.எம். என்ற ஒரே நிறுவனத்தின் ஊழியர்களிடம் இரண்டு சுற்றுகளாக எடுத்த கருத்துக்கணிப்பிலிருந்து பிறந்தது அது. மொத்தம் 1,16,000-க்கும் மேற்பட்ட படிவங்கள். கேட்கப் பெரிதாகத்தான் இருக்கிறது. ஆனால் பாகிஸ்தானில் முதல் சுற்றில் பதில் சொன்னவர்கள் 37 பேர், அடுத்த சுற்றில் 70 பேர் என்று, இந்தப் பட்டியலை விமர்சித்த ஆய்வாளர் பிரெண்டன் மெக்ஸ்வீனி 2002-இல் எடுத்துக்காட்டினார். நாட்டு மதிப்பெண்ணைத் தனி மனிதருக்குப் பொருத்தக் கூடாது என்று ஹாஃப்ஸ்டெட்டே சொல்லியிருக்கிறார். ஆனாலும் பயிற்சி வகுப்புகளில் அந்தப் பட்டியலைத் திரையில் போட்டு, "உங்கள் குழுவில் இந்த நாட்டவர் இருந்தால் இப்படி நடந்துகொள்வார்" என்று கூசாமல் சொல்லித்தருகிறார்கள். அங்கே உட்கார்ந்திருக்கும் அந்த நாட்டு இளைஞர் பேசாமல் கேட்டுக்கொண்டிருப்பதை நான் பார்த்திருக்கிறேன். ஆறு மாதம் கழித்து அவருடைய பதவி உயர்வைப் பேசும்போது, "தானாக முன்வந்து செய்யும் குணம் அவர்களுக்குக் குறைவு" என்று ஒருவர் சொல்வார், மற்றவர்கள் தலையாட்டுவார்கள்.

இந்த ஆய்வுகளில் பல, சந்தா கட்டினால்தான் திறக்கும் இதழ்களுக்குள் கிடக்கின்றன. அவற்றை எளிய தமிழில் எடுத்துச் சொல்ல உங்கள் தொழில்நுட்பப் பக்கத்தில் இடம் கொடுங்கள். அடுத்த முறை மேலாளர்களைப் பேட்டி காணும்போது, தாமதமான ஒரு டிக்கெட்டின் முழு வரலாற்றையும் கேளுங்கள். கேள்வி எத்தனை கை மாறியது, எத்தனை மணி நேரம் யாரும் தொடாமல் கிடந்தது என்பதெல்லாம் அதிலேயே இருக்கும். அதைப் பார்த்த பிறகும் குறை அந்த நாட்டு மக்களிடம்தான் என்று அவர்கள் சொன்னால், டிக்கெட் விவரத்தோடு சேர்த்தே அதை வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
பன்னாட்டு மென்பொருள் திட்டங்களில் பணிபுரியும் வாசகி