முதுகு காட்டி நின்றவர்களுக்கு

திருகோணமலை டச் பே கடற்கரையில் கடந்த ஞாயிறு மாலை என் மகளின் அருகில் நின்ற அனைவருக்கும்,

அவளுக்கு வலிப்பு வந்ததை உங்களில் பலர் நேரில் கண்டீர்கள். அதை மறுபடி எழுத எனக்கு இன்னும் மனம் துணியவில்லை. மகள் வீடு திரும்பி நலமாக இருக்கிறாள்.

1990 என்ற அம்புலன்ஸ் இலக்கத்தை அழைத்த இளைஞருக்கும், அம்புலன்சில் வந்தவர்களுக்கும், இரவு முழுவதும் கவனித்த வைத்தியர்களுக்கும் தாதியர்களுக்கும், எங்கள் செருப்புகளையும் பையையும் வீடு தேடிக் கொண்டுவந்து தந்த ஓட்டோத் தம்பிக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

ஆயினும் இம்மடலை எழுத உட்கார்ந்தது, அங்கே கச்சான் விற்றுக்கொண்டிருந்த அம்மா ஒருவருக்காகவே. மகளுக்கு வலிப்பு உண்டென்று நான்கு ஆண்டுகளாக அறிந்திருந்த நானே, வைத்தியர் சொல்லித் தந்த யாவற்றையும் அந்தக் கணத்தில் மறந்து, சாவிக்கொத்தை அவள் கைக்குள் திணித்துக்கொண்டிருந்தேன். வேறொருவர் அவளுடைய பற்களுக்கிடையே கரண்டியை வைக்க முயன்றார். அந்த அம்மா வண்டிலை அப்படியே விட்டு ஓடி வந்து, "வாய்க்குள்ள ஒண்டும் வைக்காதீங்க, பிள்ளையை அமத்திப் பிடிக்காதீங்க" என்று உரத்துச் சொல்லி, தன் துவாயை மடித்துத் தலைக்குக் கீழே வைத்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, கழுத்துப் பொத்தானைத் தளர்த்திவிட்டு, பக்கத்தில் நின்ற பையனிடம் கைபேசியில் நேரத்தைப் பார்க்கச் சொன்னார். ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் ஆபத்து என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. நான்காவது நிமிடத்தில் உடல் தளர்ந்ததும் மகளை மெல்ல ஒருக்களித்துப் படுக்கவைத்தார். எச்சில் மூச்சுக்குழாய்க்குள் போகாமல் வெளியே வடிந்தது. யாரோ நீட்டிய தண்ணீரை, பிள்ளைக்கு முழு நினைவு வரட்டும் என்று தடுத்தார்.

இவையெல்லாம் கற்றுக்கொள்ளக் கூடியவை. அதன்பின் அவர் செய்ததை யாரும் அவருக்குக் கற்பித்திருப்பார்கள் என்று நான் நினைக்கவில்லை. மகளின் பாவாடை நனைந்திருந்தது. அதைக் கண்டவர், தன் சேலைத் தலைப்பால் அவளை மூடி, சூழ நின்ற உங்கள் அனைவரையும் கடலைப் பார்த்துத் திரும்பி நிற்கும்படி கேட்டார். நீங்களும் ஒருவர்கூட மறுக்காமல், கைபேசியை உயர்த்தியிருந்தவர்கள் அதைத் தாழ்த்தி, வட்டமாக முதுகு காட்டி நின்றீர்கள். பதினாறு வயதுப் பெண்ணொருத்தி கண் விழித்தபோது அவளை உற்றுப் பார்க்கும் முகம் ஒன்றுகூட இருக்கவில்லை. இடம் புரியாமல் அவள் மருண்ட அந்தச் சில நிமிடங்களும் அவர் அவளது பெயரைக் கேட்டுக் கேட்டு, மெல்லிய குரலில் பேசிக்கொண்டே இருந்தார்.

சாவியைப் பற்றியும் சொல்ல வேண்டும். மூளையின் மின்செயற்பாடு சற்று நேரம் தடுமாறுவதால் வருவது வலிப்பு. இரும்புக்கு அதில் எந்த வேலையும் இல்லை. பெரும்பாலும் அது சில நிமிடங்களில் தானாகவே அடங்கிவிடுகிறது. அடங்கும் வேளையில் கையில் சாவி இருப்பதால், சாவியே காப்பாற்றியதாகத் தலைமுறை தலைமுறையாக நம்பிவிட்டோம். நாக்கை விழுங்கிவிடுவார்கள் என்ற அச்சமும் அப்படியானதே; கரண்டியால் பல் உடைவதுதான் உண்மையில் நடக்கக்கூடியது.

நாளை கல்யாணப் பேச்சு வரும்போது தடையாகிவிடுமோ என்று அஞ்சி, மகளின் நோயைப் பாடசாலைக்கும் அயலவருக்கும் சொல்லாமல் மறைத்தவள் நான். அதனால், என் கண்ணெதிரே அல்லாமல் வகுப்பறையில் அவள் விழுந்திருந்தால், என்ன செய்வதென்று அறிந்த ஒருவரும் அங்கே இருந்திருக்கமாட்டார்கள். திங்கட்கிழமை வகுப்பாசிரியரைச் சந்திக்கிறேன். அவளது தோழிகளுக்கும் சொல்லித்தர அனுமதி கேட்பேன்: நேரத்தைப் பாருங்கள், தலைக்கு மெத்தென்று எதையாவது வையுங்கள், ஒருக்களித்துப் படுக்கவையுங்கள், நினைவு திரும்பும்வரை அருகிலேயே இருங்கள், மற்றவர்களைத் திரும்பி நிற்கச் சொல்லுங்கள்.

அம்மா, உங்கள் பெயரைக்கூடக் கேட்காமல் அம்புலன்சில் ஏறிவிட்டேன். உங்கள் துவாய் என்னிடம் இருக்கிறது. மகள் அதைத் தானே துவைத்து மடித்து வைத்திருக்கிறாள். தன் கையால் தர வேண்டும் என்கிறாள்.