மேலே குளிர் இருக்கிறது, புல்?

ஆசிரியருக்கு வணக்கம்.

'வெயில் கூடினால் மலை விலங்குகள் இன்னும் மேலே ஏறிக்கொள்ளும்' என்று பலரும் சுலபமாகச் சொல்லிவிடுகிறார்கள். மேலே குளிர் இருக்கிறது, சரி, மேய்ச்சல்? உயரம் கூடக்கூடப் புல் அருகிக்கொண்டே போகிறது. ஆல்ப்ஸ் மலையின் ஐபெக்ஸ் ஆடுகள் வெப்ப நாட்களில் இரவில் அதிகம் மேய்கின்றன. ஓநாய்க்கும் அதுதான் வேட்டை நேரம்!

வட அமெரிக்காவின் பைக்கா, முயலுக்கு உறவான சிற்றுயிர். அதன் இயல்பான உடல் வெப்பமே 40 டிகிரி செல்சியஸை ஒட்டியது. சற்றுக் கூடினாலும் உயிருக்கு ஆபத்து. அதனால் நண்பகலில் பாறை இடுக்கில் பதுங்கிவிடும். குளிர்காலம் முழுவதும் உறங்கிக் கழிக்கும் வழக்கமும் அதற்கு இல்லை. புல்லையும் பூவையும் வாய்கொள்ளாமல் கவ்வி வந்து கோடையிலேயே வைக்கோற்போர் போலக் குவித்து வைத்தாக வேண்டும். பதுங்கிய ஒவ்வொரு மணி நேரமும் அந்தக் குவியலில் குறையும்.

வெள்ளை மலையாடுகள் கோடையில் எஞ்சிய பனித்திட்டுகளில் படுத்துச் சூட்டைத் தணித்துக்கொள்கின்றன. பனியில் புல் முளைக்காது. பசித்தால் இறங்கித்தான் ஆக வேண்டும்.

இனி மலை விலங்குகள் வெயிலுக்கு மேலேறுவது பற்றிய செய்திகளோடு வரைபடம் வெளியிட்டால், மலையின் உயரத்தோடு பனித்திட்டுக்கும் புல்வெளிக்கும் இடையிலான தொலைவையும் குறிப்பிடுங்கள்.

- ஒரு வாசகர்