கடன் கொடுக்கும் முன் உப்புக் கணக்கைக் கேளுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

சாயப்பட்டறைக்குச் செயற்கை நுண்ணறிவுக் கட்டுப்பாட்டுக் கருவி வாங்கக் கடன் கேட்டால் கொட்டேஷன், ஈடு, பழைய வரவு செலவு ஆகியவற்றோடு பரிசீலனை பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. கருவி வந்தபின் எத்தனை கிலோ உப்பு குறைய வேண்டும் என்று எழுதி வாங்குவதில்லை. திருப்பூரில் அதுவல்லவா முதல் கேள்வி?

நூறு கிலோ பனியன் துணிக்கு, கிலோவுக்கு எட்டு லிட்டர் வீதம், 800 லிட்டர் தண்ணீர். அடர்ந்த ஷேடுக்கு (நிறச் சாயலுக்கு) லிட்டருக்கு 60 கிராம் போட்டால் 48 கிலோ உப்பு. சாயத்தை இழையில் ஏற்றிவிட்டு அந்த உப்பு அப்படியே கழிவுநீரில் வந்துவிடும். ஷேடு தப்பி, சாயத்தை உருவி மறுபடி போட்டால் இன்னொரு 48 கிலோ. பழைய பேட்ச்களின் நிற அளவீட்டைக் கொண்டு ரெசிபியைத் திருத்தித் தரும் மென்பொருள் காசுக்குத் தகுந்த வேலை செய்வது இங்கேதான்.

அடுத்து, கழிவுநீரை மெம்பரேன் என்ற மெல்லிய சவ்வு வழியே வடிகட்டும் ஆர்.ஓ. உள்ளே போகும் 100 கிலோலிட்டரில் 85 நல்ல நீராகத் திரும்பினால், மீதி 15 உப்புநீராக, அதை நீராவியால் காய்ச்சி வற்றவைக்கும் எவாப்பரேட்டருக்குப் போகும். 80தான் திரும்பினால் 20 போகும். ஐந்து சதவீதம்தானே என்று தோன்றும். ஆனால் எவாப்பரேட்டரின் சுமை மூன்றில் ஒரு பங்கு ஏறிவிட்டது. நீராவிக்கான விறகும் அதே கணக்கில் ஏறும். வெப்பநிலை, அழுத்த மாற்றங்களுக்கு ஈடுகட்டிப் பார்த்த சுத்த நீர் வரத்து 10 சதவீதம் குறையும்போதே மெம்பரேனைக் கழுவிவிட வேண்டும். இந்தச் சரிவை முன்கூட்டியே காட்ட மென்பொருளால் முடியும்.

மீட்டர் சரியாக இருந்தால்! சாயமும் சுண்ணாம்பும் படிந்த பி.எச். (அமில, கார அளவு) மீட்டர் சில நாளிலேயே தப்பாகக் காட்டும். அதை நம்பிக் கருவி அமிலத்தைக் கூட்டிக்கொண்டே போகும். கழிவுநீரின் மாசுச் சுமையைக் காட்டும் சி.ஓ.டி. மீட்டர்களில் பல புறஊதா ஒளியை வைத்து மதிப்பிடுபவை. சாயமும் அந்த ஒளியை விழுங்குவதால் ஷேடு மாறினால் அளவும் மாறும். வெளிர்நிற ஆர்டர்களில் பழகிய மென்பொருள், குளிர்கால ஏற்றுமதிக்கான கருநீலம் வந்ததும் தடுமாறுவது இதனால்தான். வாரம் ஒருமுறை பி.எச். 4, 7, 10 என்று அளவு தெரிந்த பஃபர் கரைசல்களில் பி.எச். மீட்டரைச் சரிபார்க்க ஒரு ஆள் வேண்டும். அவர் சம்பளம் எந்தக் கொட்டேஷனிலும் இருக்காது.

நொய்யல் ஆற்றில் சாயக்கழிவு கலந்த வழக்கில், 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்ற உத்தரவால் பட்டறைகள் மூடப்பட்டதை ஊர் மறக்கவில்லை. கழிவுநீர் வெளியேறாத முறை வந்தபின் நொய்யலுக்குப் போக வேண்டிய உப்பு, பிரித்துப் பயன்படுத்த முடியாத கலப்பு உப்பாகச் சுத்திகரிப்பு நிலையங்களின் கொட்டகையில் தேங்குகிறது. கிலோ துணிக்கு உப்பு 10 சதவீதம் குறைந்து, அதே கடனில் உற்பத்தி 30 சதவீதம் கூடினால் மொத்த உப்பு 17 சதவீதம் அதிகம். இதையும் பசுமைக்கடன் என்றே எழுதுவார்கள்.

பசுமைத் திட்டங்களுக்கென்று வங்கிகள் திரட்டும் வைப்புநிதியை எதற்குக் கடனாகத் தரலாம் என்று சொல்லும் ரிசர்வ் வங்கியின் பசுமை வைப்புநிதி நெறிமுறை 2023 ஜூனிலிருந்து நடப்பில் உள்ளது. மாசுத் தடுப்பும் நீர் மேலாண்மையும் அதில் அடக்கம். எனவே வட்டிச் சலுகையைக் கருவியின் ரசீதுக்குத் தராமல், கடந்த 12 மாத உப்பு, விறகு, மின்சார பில்களை அடிப்படையாக வைத்து, கிலோவுக்கும் மொத்தத்துக்கும் இரண்டிலும் குறைந்தால் மட்டும் தரலாம். மீட்டர் பராமரிப்புச் செலவும் கடனிலேயே சேரட்டும். தனியாகக் கடன் வாங்க வழியில்லாத, பிறர் துணிக்குக் கூலிக்குச் சாயமேற்றும் ஜாப் ஒர்க் பட்டறைகளுக்கு, அவை உறுப்பினராக உள்ள பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் பெயரிலேயே கொடுக்கலாம். கழிவுநீர் அளவுக் கணக்கு அங்கே ஏற்கெனவே இருக்கிறது.

இப்படிக்கு,
சாயத்தொழில் வேதியியலாளர்கள், சுத்திகரிப்புப் பொறியாளர்கள் சிலர்
திருப்பூர்