"இந்தக் குழந்தை சப்பாது" என்று சொல்லும் முன்: பிரசவ வார்டு டாக்டர்களுக்கும் சிஸ்டர்களுக்கும்

வணக்கம்.

டவுன் சிண்ட்ரோமோடு, அதாவது ஒரு குரோமோசோம் கூடுதலாக இருக்கும் பிறவி நிலையோடு, பிறந்த ஒரு பெண் குழந்தையின் அம்மா எழுதுகிறேன். எந்த ஊர், எந்த ஆஸ்பத்திரி என்பதெல்லாம் வேண்டாம், ஏனென்றால் எங்களைப் போன்ற அம்மாக்கள் நாலு பேர் சேர்ந்து பேசினால் ஊர்ப் பெயர்தான் மாறுகிறது, மற்றபடி ஒரே கதை. "இந்தக் குழந்தைங்க இப்படித்தாம்மா, சப்பாது, பவுடர் பால் எழுதித் தர்றேன்." குரோமோசோம் டெஸ்டுக்கு எடுத்த ரத்தத்தின் ரிசல்ட் வந்திருக்காது, அதற்குள் டின் வந்துவிடும்.

சப்பாது என்பதில் பாதி உண்மைதான். இந்தக் குழந்தைகளுக்குப் பெரும்பாலும் தசையில் பிடிமானம் குறைவு, வாய் சின்னது, நாக்கு முன்னால் தள்ளி நிற்கும். காம்பைக் கவ்வினாலும் உதடு இறுகாது, நாலு சப்பில் நழுவிவிடும், கடைவாயில் பால் ஒழுகும். அதோடு எப்போது பார்த்தாலும் தூக்கம், பசித்தாலும் பலதுகள் அழுவதில்லை. அதனால்தான் "பசிச்சா அழும், அப்ப குடுங்க" என்று எல்லோருக்கும் சொல்வதை எங்களிடமும் சொல்லிவிட்டுப் போவது ஆபத்து. இரண்டு மூன்று மணிக்கொரு தடவை நாங்களே எழுப்பி, சுற்றியிருக்கும் துணியை விலக்கி, உள்ளங்காலைத் தேய்த்துக் கொடுக்க வேண்டும்.

மீதிப் பாதி, கொடுக்கும் விதம். எனக்கு அதைக் காட்டியவர் பக்கத்துக் கட்டிலில் மகளுக்குத் துணைக்கு இருந்த ஓர் அம்மா, ரிட்டயர்டான நர்ஸ். "அப்படிப் படுக்க வெச்சுக் குடுத்தா புரையேறும்டா, தலையைத் தூக்கு" என்று குழந்தையைக் கொஞ்சம் நிமிர்த்தினார், அப்புறம் என் கையை எடுத்து மார்புக்கடியில் வைத்தார். மூன்று விரல்கள் மார்பைத் தாங்க, கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் முன்னால் விரிந்து நிற்கின்றன. அந்த இடுக்கில் குழந்தையின் தாடை உட்கார்ந்துகொள்கிறது, இரண்டு விரலும் இரண்டு பக்கக் கன்னத்தையும் லேசாக அணைத்துக்கொள்கின்றன. தாடைக்கு முட்டுக் கொடுத்ததும் மகள் விடாமல் சப்பினாள், முழுங்குகிற சத்தம் கேட்டது. இதற்கு டான்சர் பிடி என்று பெயர் இருப்பதும், பாலூட்டல் பயிற்சிகளில் இதைச் சொல்லித் தருகிறார்கள் என்பதும் எனக்குப் பிறகுதான் தெரிந்தது. ட்யூட்டியில் இருந்தவர்கள் யாரும் ஏன் காட்டவில்லை? ஆள் பற்றாக்குறை, தெரியும். ஆனால் டின் எழுதிக் கொடுக்க மட்டும் ஆள் இருந்தது.

இதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. குழந்தை மார்பைப் பிடிக்கவில்லை என்றால் முதல் நாளிலிருந்தே அம்மா பாலைப் பீய்ச்சி எடுக்க வேண்டும், ராத்திரியும் சேர்த்து ஒரு நாளைக்கு எட்டுத் தடவைக்குக் குறையாமல். சீம்பால் சொட்டுச் சொட்டாகத்தான் வரும், அதைப் பாலாடையிலோ ஸ்பூனிலோ கொடுத்தால் போதும். இதை யாரும் சொல்வதில்லை. மார்பு காலியாகவில்லை என்றால் பால் சுரப்பது குறைந்துவிடும் என்பது உங்களுக்கு நாங்கள் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பவுடர் பாலில் முதல் சில நாள் ஓட்டிவிட்டு, ஒரு வாரம் கழித்து "உனக்குப் பால் இல்லைம்மா" என்றால் அது யார் செய்த வேலை? வீட்டுக்கு வந்த பிறகு மாமியாரிலிருந்து பக்கத்து வீட்டு அத்தை வரைக்கும் அதையேதான் திருப்பிச் சொல்கிறார்கள்.

பவுடர் பாலே கூடாது என்று நான் வாதாடவில்லை. எடை ஏறாத குழந்தை இருக்கும், கடைசிவரை மார்பைப் பிடிக்காத குழந்தையும் இருக்கும். இவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு இதயத்தில் கோளாறு இருக்கிறது, குடிக்கும்போதே வியர்த்து மூச்சு வாங்கிக் களைத்துப்போகிற குழந்தையிடம் பிடியைத் திருத்திப் பயனில்லை, இதயத்துக்கு எக்கோ ஸ்கேன் பார்க்க வேண்டும். அதையெல்லாம் பார்த்த பிறகு தேவைப்பட்டால் எழுதுங்கள். பால் பவுடரையும் பாட்டிலையும் விளம்பரப்படுத்தக் கூடாது என்று 1992-லேயே சட்டம் போட்ட நாடு இது, 2015-ல் பஸ் ஸ்டாண்டுகளில் பாலூட்டும் அறை திறந்த மாநிலம் இது. ஆகஸ்ட் முதல் வாரம் வந்தால் உங்கள் வராந்தா முழுக்க தாய்ப்பால் வாரப் போஸ்டர்தான், அதில் எங்கள் குழந்தைகளைப் போல ஒரு முகம் நான் பார்த்ததில்லை.

கேட்பது இதுதான். டவுன் சிண்ட்ரோம் என்று சந்தேகம் வந்த அன்றைக்கே ஒரு சிஸ்டர் அந்த அம்மாவின் பக்கத்தில் ஒரு வேளைப் பால் முழுக்க உட்காரட்டும், பிடியைக் கையால் தொட்டுக் காட்டட்டும், பீய்ச்சுவதற்குக் கற்றுக்கொடுக்கட்டும். பீய்ச்சியது போதவில்லை என்றால், தாய்ப்பால் வங்கி இருக்கும் ஆஸ்பத்திரியில் முதலில் அங்கே கேளுங்கள். டிஸ்சார்ஜ் சீட்டில் பவுடர் பால் அளவை எழுதும் இடத்தில் எத்தனை மணிக்கொரு தடவை எழுப்ப வேண்டும், எடை பார்க்க எப்போது வர வேண்டும் என்பதையும் எழுதுங்கள். பிறவிக் குறைபாடும் வளர்ச்சித் தாமதமும் உள்ள குழந்தைகளைப் பார்க்கும் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையம் என்று ஒன்று இருப்பதையும், டவுன் சிண்ட்ரோம் அவர்கள் பட்டியலிலேயே இருப்பதையும் அப்போதே சொல்லி அனுப்புங்கள். எங்களில் பல பேருக்கு அது குழந்தை உட்காரும் வயது தாண்டித்தான் தெரிய வருகிறது.